மீனுக்கு உண்டு, மானுக்கு இல்லை: சாரணர்களும் வேட்டை பேட்ஜும்

அமெரிக்க சாரணர் அமைப்பின் மெரிட் பேட்ஜ் நிபந்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு போனால் ஒரு இடத்தில் லாஜிக் இடிக்கிறது. 11 வயதுப் பையன் ரைஃபிள் சுடுவதற்கு பேட்ஜ் வாங்கலாம். ஷாட்கன்னுக்கு வாங்கலாம். வில்வித்தைக்கும் வாங்கலாம். ரைஃபிள் பேட்ஜ் வேண்டுமென்றால், வேட்டைக்கும் வனவிலங்கு வளத்தை முறையாகப் பயன்படுத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவன் விளக்க வேண்டும். கூடவே மாநில அரசு நடத்தும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடிக்க வேண்டும். இல்லையென்றால் மாநில வேட்டைச் சட்டங்களை எடுத்துப் படித்து, எந்தெந்த விலங்குகளைச் சட்டப்படி சுடலாம் என்று பட்டியல் போட வேண்டும். மீன்பிடிக்கத் தனி பேட்ஜ், அதிலேயே ஃப்ளை ஃபிஷிங் என்ற வகைக்கு இன்னொன்று. மீன் பேட்ஜில் மீன் மாட்டியாக வேண்டும். சட்டமும் சுகாதாரமும் இடம் கொடுத்தால் பிடித்த மீனைச் சுத்தம் செய்து சமைக்கவும் வேண்டும். மீன்வள, வனவிலங்கு மேலாண்மைக்கு ஒரு பேட்ஜ், பாலூட்டிகளுக்கு ஒன்று, பறவைகளுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று.

வேட்டைக்கு மட்டும் இல்லை. பேட்ஜ் இல்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. ஒரு ட்ரூப், அதாவது ஊர்ச் சாரணர் குழு, ஒன்றாக வேட்டைக்குப் போவதே அவர்களுடைய பாதுகாப்புக் கையேட்டின்படி அனுமதி இல்லாத செயல். அதே பையன் சனிக்கிழமை அப்பாவோடு லைசென்ஸ் எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போனால் சட்டம் ஒன்றும் சொல்லாது. பல மாநிலங்களில், கூடப் பெரியவர் இருந்தால் குறைந்தபட்ச வயதுகூடக் கிடையாது. சட்டத்தைப் படி, சுடக் கற்றுக்கொள், மிருகத்தை அடையாளம் தெரிந்துகொள், கறியைச் சமை. இதெல்லாம் ஒன்று சேரும் அந்த ஒரு காலை நேரத்துக்கு மட்டும் எங்களோடு வராதே. இதுதான் நிலைமை.

(சும்மா ஒரு துணுக்கு: இதே அமைப்பின் விதிகளில், தண்ணீர்த் துப்பாக்கியால் இன்னொரு சாரணன் மேல் பீய்ச்சக் கூடாது, தண்ணீர் பலூன் பிங்பாங் பந்து சைஸைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் ஒரு காலத்தில் இருந்தது. 2015 வாக்கில் இணையமே இதை வைத்துச் சிரித்தது. ஆனால் யார் மேலும் எதையும் குறி வைக்காதே என்ற பழக்கத்தை விளையாட்டிலும் விடாமல் பிடிப்பது முட்டாள்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.)

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை என்ற பேச்சே முடிந்துவிட்டது. பாரத் சாரணர் இயக்கத்தில் இந்தக் கேள்வி எழவே எழாது. ஆனால் என்சிசி-யில் இருந்தவர்கள் கேம்ப்பில் பாயின்ட் டூ டூ ரைஃபிளை மணல் மூட்டை மேல் வைத்துக் குப்புறப்படுத்துச் சுட்டிருப்பார்கள். காகித டார்கெட்டில் ஐந்து ஓட்டை எத்தனை நெருக்கமாக விழுந்தது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பார்கள். இந்தக் கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்ற பேச்சு அங்கே வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கருவியைக் கற்றுக்கொடுத்துவிட்டு அதன் விளைவைச் சிலபஸுக்கு வெளியே வைப்பது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை.

முதலில் வரலாறு. சாரணர் இயக்கம் ஆரம்பத்திலிருந்தே அகிம்சை இயக்கம், அதனால்தான் வேட்டை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை உருவாக்கியவர்கள் ஒருத்தர் விடாமல் வேட்டைக்காரர்கள். பேடன் பவல் இந்தியாவில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தபோது, குதிரை மேலிருந்து ஈட்டியால் காட்டுப்பன்றியைக் குத்தும் 'பிக்ஸ்டிக்கிங்' விளையாட்டில் பைத்தியமாக இருந்தவர். 1883-ல் மீரட் பக்கம் நடந்த காதிர் கோப்பையை ஜெயித்தார். 1889-ல் அதைப்பற்றி ஒரு புத்தகமே போட்டார். அவர்தான் 1908-ல் சாரணர் விதிகளை எழுதும்போது, சாரணன் விலங்குகளுக்கு நண்பன் என்றும் தேவையில்லாமல் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்றும் எழுதினார். 'தேவையில்லாமல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வேட்டைக்கான கதவு அங்கே பூட்டப்படவில்லை, சாத்தி மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்கக் கிளை 1910-ல் தொடங்கியபோது அதன் முதல் தலைமைச் சாரணர் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன். இவர் 1890-களில் நியூ மெக்சிகோவுக்கு ஓநாய் பிடிக்கப் போனவர். கால்நடைகளை அடித்துக்கொண்டிருந்த லோபோ என்ற ஓநாய் எந்தப் பொறியிலும் விஷத்திலும் சிக்கவில்லை. கடைசியில் அதன் ஜோடியைக் கொன்று, அந்த வாசனையை வைத்து 1894 ஜனவரியில் பிடித்தார். லோபோ இறந்தது அவரை மாற்றிவிட்டது. பிறகு அந்தக் கதையை எழுதினார், ஓநாயை ஹீரோவாக வைத்து. பிறகு வாழ்நாள் முழுக்க வனவிலங்குகளின் பக்கம்.

மூன்றாமவர் நம் ஊர்ப்பக்கம் வந்துபோனவர். வில்லியம் ஹார்னடே. 1870-களின் கடைசியில் ஒரு அமெரிக்க நிறுவனத்துக்காக, மியூசியங்களுக்கு விலங்கு மாதிரிகள் சேகரிக்க இந்தியா வந்தார். நீலகிரியிலும் ஆனைமலையிலும் யானை, காட்டெருது, புலி என்று சுட்டுத் தள்ளினார். 1885-ல் வந்த அவருடைய பயணப் புத்தகத்தில் எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. 1886-ல் மொன்டானாவுக்குப் போய், அழிந்துகொண்டிருந்த அமெரிக்கக் காட்டெருமைகளில் இருபதுக்கும் மேல் சுட்டார். அழியப் போகிறது, அதற்குள் மியூசியத்துக்கு நல்ல மாதிரி கிடைக்கட்டும் என்ற கணக்கு! அந்தப் பயணத்தில் பார்த்தது உறைத்து, காட்டெருமை அழிந்த கதையை 1889-ல் எழுதினார். 1907-ல் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவிலிருந்து 15 காட்டெருமைகளை ரயிலேற்றி ஓக்லஹோமாவின் புல்வெளிக்கு அனுப்பியதும் அதே ஆள்தான். சாரணர்களின் மிக உயர்ந்த இயற்கைப் பாதுகாப்பு விருது பல பத்தாண்டுகள் அவர் பெயரில் இருந்தது. 2020-ல் பெயரை எடுத்துவிட்டார்கள். காரணம் வேட்டை இல்லை, இனவெறி: 1906-ல் காங்கோவைச் சேர்ந்த ஓட்டா பெங்கா என்ற இளைஞரைக் குரங்குக் கூண்டில் காட்சிக்கு வைத்த பூங்காவின் இயக்குநர் அவர்.

ஆக இந்த மூன்று பேரும் கொல்வதன் வழியாகத்தான் கொல்லாமைக்கோ, குறைந்தபட்சம் கட்டுப்பாட்டுக்கோ வந்து சேர்ந்தார்கள். அடுத்த தலைமுறைக்கு அவர்கள் வைத்த பேட்ஜ் என்ன தெரியுமா? 1911 பட்டியலில் 'ஸ்டாக்கிங்' என்று ஒன்று இருந்தது. பதுங்கிப் பின்தொடர்தல். அதற்கான நிபந்தனை, காட்டு விலங்குகளை அல்லது பறவைகளை உயிரோடு 20 படம் எடுத்து, தானே கழுவி பிரிண்ட் போட வேண்டும். அந்தக் காலத்து கேமராவோடு! ஒரு மானுக்கு எவ்வளவு பக்கத்தில் போயிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி வேட்டையை விட இது கஷ்டம். 1950-களில் இந்த பேட்ஜை நிறுத்திவிட்டார்கள். வேட்டை பேட்ஜ் இல்லாததைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது. குறி பார்த்துச் சுடும் பேட்ஜ் பெயர் மாறி இன்றும் இருக்கிறது. தடம் பார்க்கும் பேட்ஜ் போயே போச்சு.

இனி வேட்டை பேட்ஜ் வேண்டும் என்பவர்களின் வாதத்துக்கு வருவோம். அவர்கள் முதலில் எடுப்பது பணக் கணக்கு. 1937-ன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள், ஷாட்கன், ரவை மேல் 11 சதவீதக் கலால் வரி உண்டு. அது நேராக மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. லைசென்ஸ் கட்டணமும் அங்கேயே போகிறது. 1900 வாக்கில் சில லட்சமாகத் தேய்ந்திருந்த வெள்ளைவால் மான் இன்று சுமார் 3 கோடி என்று மதிப்பிடப்படும் அளவுக்கு மீண்டதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே சமயம் வேட்டைக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அரசுக் கணக்கெடுப்பில் 1991-ல் 1.41 கோடி, 2016-ல் 1.15 கோடி. அதனால் சிறுவர்களைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும், இல்லையென்றால் காட்டைப் பார்த்துக்கொள்ளப் பணம் இருக்காது என்கிறார்கள்.

முதல் பாதி உண்மை, நமக்கெல்லாம் ஆச்சரியமான உண்மையும்கூட. ஆனால் அதிலிருந்து பேட்ஜுக்குத் தாவுவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு துறையின் வருமானம் குறைகிறது, எனவே 12 வயதுக் குழந்தைக்கு வேட்டை கற்றுக்கொடு என்பது வாடிக்கையாளர் பிடிக்கும் பேச்சு. எங்கள் தொழிலில் 'யூசர் அக்விசிஷன்' என்போம். தவிர, இன்று விற்கும் துப்பாக்கியும் ரவையும் பெரும்பாலும் வேட்டைக்காக வாங்கப்படுபவை அல்ல, அதனால் அந்த வரி வேட்டைக்காரர்களை மட்டும் நம்பி இல்லை. ஒரு பேட்ஜ் அதை வாங்கும் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் நிற்கவோ விழவோ வேண்டும்.

எதிர்ப்பவர்களில் துப்பாக்கியைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஒரு ரகம். அந்த நாட்டுப் பள்ளிகளில் நடப்பதைப் பார்க்கும்போது அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாரணர் முகாமில் ரைஃபிள் ஏற்கனவே இருக்கிறதே. பயம்தான் காரணம் என்றால் ரைஃபிள் பேட்ஜை அல்லவா முதலில் எடுக்க வேண்டும்? பயத்தோடு சட்டம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று உண்டு. யுவால்டே பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2022 ஜூனில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஆபத்தான ஆயுதப் பயிற்சிக்குப் பள்ளி நிதியைச் செலவழிக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. கல்வித் துறை அந்த வரியைப் படித்த விதத்தில், பள்ளிகளில் நடந்த வில்வித்தை வகுப்புகளும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளும் நிதியில்லாமல் மாட்டிக்கொண்டன. அதாவது, துப்பாக்கியை எப்படிப் பத்திரமாகக் கையாள்வது என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அடிபட்டது. 2023 அக்டோபரில் இதைச் சரிசெய்யத் தனிச் சட்டம் போட்டார்கள். கீழவையில் 424-க்கு 1 என்று நிறைவேறியது. எதிலும் ஒத்துப்போகாத ஒரு சபையில்!

இன்னொரு ரகம், கருணையின் பேரில் எதிர்ப்பவர்கள். இவர்களை நான் மதிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: மீன் பேட்ஜையும் எதிர்க்க வேண்டும். தூண்டிலில் வாய் கிழிந்து, கரையில் மூச்சுக்குத் துடித்து, கத்தியால் வயிறு கீறப்படும் மீனுக்கு 1911-லிருந்தே பேட்ஜ் உண்டு. அதைப்பற்றி யாரும் கண்ணீர் விடவில்லை. மீன் சத்தம் போடாது, அதற்கு இமை கிடையாது, ரத்தம் கொஞ்சம். மான் நம்மைத் திரும்பிப் பார்க்கும். வித்தியாசம் இவ்வளவுதான் என்றால் இது நம்முடைய சங்கடத்தைப் பற்றிய விதி, விலங்கின் வலியைப் பற்றிய விதி இல்லை. சைவக் குடும்பத்துப் பிள்ளை இரண்டையும் வேண்டாம் என்று சொன்னால் அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பட்டியலில் 130-க்கும் மேல் பேட்ஜ் உண்டு. ஈகிள் நிலைக்கு 21 போதும். அவன் வேறு எதையாவது எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையில் என்னை யோசிக்க வைத்த எதிர்வாதம் ஒரு வேட்டைக்காரரிடமிருந்து வந்தது. ஆல்டோ லியோபோல்ட். வனத்துறையில் வேலை பார்த்தவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்கு மேலாண்மைப் பேராசிரியர், கடைசிவரை துப்பாக்கியோடு காட்டுக்குப் போனவர். 1949-ல், அவர் இறந்த அடுத்த வருடம், வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் வேட்டையின் தனித்தன்மை என்று ஒன்றைச் சொல்கிறார். மற்ற விளையாட்டுகளில் கைதட்டவும் திட்டவும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். வேட்டைக்காரனுக்குப் பார்வையாளர் கிடையாது. அவன் விதியை மீறினாலும் யாருக்கும் தெரியாது, அவனுடைய மனசாட்சிதான் நடுவர்.

இதை பேட்ஜோடு பொருத்திப் பாருங்கள். பேட்ஜ் என்பதே ஒரு கேலரி. தோளில் குறுக்கே போடும் துணிப்பட்டையில் தைத்து, எல்லாரும் பார்க்கும்படி மாட்டிக்கொள்ளும் கைத்தட்டல். யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காக நடந்துகொள்வதுதான் வேட்டையின் சாரம் என்றால், அதற்கு எப்படிப் பட்டம் கொடுப்பது? அதிலும் கொல்வதையே நிபந்தனையாக வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவனுக்கு விளக்கவே வேண்டாம். எத்தனை பக் மூடினாய் என்று எண்ண ஆரம்பித்த நாளிலிருந்து மூடுவதற்கென்றே பக் திறக்கப்படும். குட்ஹார்ட் விதி என்பார்கள்: அளவுகோல் இலக்கானதும் அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கிறது. சீசனின் கடைசி நாள், இருட்டிக்கொண்டு வருகிறது, பேட்ஜுக்கு ஒரே ஒரு மான் பாக்கி. 14 வயதுப் பையன். 200 அடி தூரத்தில் புதருக்குப் பின்னால் பாதி உடம்பு தெரிகிறது. சுடுவானா, மாட்டானா? சுட்டால் அது குடலில் பட்டு, மான் ராத்திரி முழுக்க ஓடிச் சாகும். நல்ல வேட்டைக்காரன் சுடமாட்டான். பேட்ஜ் அவனைச் சுடச் சொல்லும்.

இதனால்தான் வேட்டைக்கு பேட்ஜே கூடாது என்று ஒருவர் முடித்தால் நான் பாதி வழி அவரோடு வருவேன். மீதிப் பாதிக்கு ஏன் வரமாட்டேன் என்றால், பேட்ஜ் இல்லாததால் அந்தப் பையன் வேட்டைக்குப் போகாமல் இருக்கப் போவதில்லை. வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, மாமா கூப்பிடுகிறார், போவான். சாரணர் அமைப்பு அவனுக்குக் கொடுத்திருப்பது டார்கெட்டில் பட்டதற்கான புள்ளிகள். மான் அடிபட்டு ஓடினால் என்ன செய்வது என்பதைக் கொடுக்கவில்லை. சுடும் திறமையைப் பிரித்தெடுத்து சுத்தமாகக் கழுவி, காகித டார்கெட்டோடு நிறுத்திவிட்டது. எனக்கு அதுதான் ஆபத்தான பாதி.

வேறு இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்? அதே அமைப்பின் வென்ச்சரிங் பிரிவில், அதாவது 14 முதல் 20 வயதுக்காரர்களுக்கு 1998-ல் தொடங்கிய பிரிவில், வேட்டைக்குப் போகத் தடை இல்லை. அங்கே 'ரேஞ்சர்' என்று ஒரு விருது உண்டு. அதில் விருப்பப் பாடங்களில் ஒன்றாக வேட்டை இருக்கிறது, மாநில வேட்டை வகுப்பு முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆக, அமைப்பே கொள்கை அளவில் இதை மறுக்கவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் துணையோடு நடக்கும் 4-எச் இளைஞர் இயக்கத்தின் துப்பாக்கி விளையாட்டுத் திட்டத்தில் ரைஃபிள், வில் போல வேட்டையும் ஒரு தனிப் பிரிவு. ஜெர்மனியில் 16 வயதில் இளைஞர் வேட்டை லைசென்ஸ் வாங்கலாம். ஆனால் அதற்கு முன் எழுத வேண்டிய பரீட்சையைக் கிண்டலாக 'பச்சை பிளஸ் டூ' என்கிற மாதிரி ஒரு பெயரில் அழைப்பார்கள், அவ்வளவு பெரிய பாடத்திட்டம்: விலங்கியல், சட்டம், ஆயுதம், வேட்டை நாய், இறைச்சிச் சுகாதாரம். பாஸ் பண்ணினாலும் 18 ஆகும்வரை தனியாகப் போக முடியாது. அடிபட்ட விலங்கை நாயோடு தேடிப் போவது அங்கே கடமை, விருப்பம் இல்லை. ஜெர்மன் முறையில் எனக்குப் பிடித்ததே இதுதான். குண்டு வெளியேறியதற்குப் பிறகு என்ன என்பதற்கும் பாடம் இருக்கிறது.

கொல்வதை நிபந்தனையிலிருந்து எடுத்துவிட்டால் அது வேட்டையா என்று கேட்பார்கள். இதற்கு ஒரு பதில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரம்தான் அவர்களுக்குச் சோறு. 1970-களில் சட்டம் அதை நிறுத்தியது. 1978-ல் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அதிலிருந்துதான் விஷமுறிவு மருந்துக்கான மூலப்பொருள். கொல்வது போனது, தடம் பார்க்கும் கண் அப்படியே இருந்தது. 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை ஃப்ளோரிடாவின் வனவிலங்கு ஆணையமும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் வரவழைத்தன. அங்கே எவர்க்லேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, உள்ளூர் விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. பரிசு அறிவித்து, பொதுமக்களைத் துப்பாக்கியோடு இறக்கிப் பார்த்தும் பெரிய பலன் இல்லை. காரணம், காலடியில் கிடந்தாலும் அந்தப் பாம்பு கண்ணில் படாது. இவர்கள் போன முதல் எட்டு நாளில் 13 பாம்பு. அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. கையில் ஒரு கம்பி, அவ்வளவுதான். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்தக் கதையை நான் அகிம்சைக் கதையாக விற்கப் போவதில்லை. ஃப்ளோரிடாவில் பிடிபடும் மலைப்பாம்புகள் பொதுவாகக் கொல்லப்படுகின்றன. வெளியிலிருந்து வந்த இனம், திரும்ப விட முடியாது. கண்டுபிடிப்பது ஒருவர், கொல்வது வேறொருவர் என்ற பிரிவினை அங்கேயும் வந்துவிட்டது. ஆனால் எது கற்க அரிய திறமை என்பதில் சந்தேகம் வைக்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், பாம்பைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் இல்லை.

அப்படியானால் நான் எழுதும் பேட்ஜ் எப்படி இருக்கும்? வயது 14, பெற்றோர் கையெழுத்து, மாநில வேட்டை வகுப்புச் சான்றிதழ். இதில் புதுசு ஒன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு காட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ஒரு முழு சீசன் நோட்டு எழுத வேண்டும்: தடம், எச்சம், மேய்ந்த செடி, காற்றின் திசை. 1911-ன் 20 படங்களைத் திரும்பக் கொண்டுவருவேன், மொபைல் ஜூம் கூடாது என்ற நிபந்தனையோடு. லைசென்ஸ் உள்ள ஒரு பெரியவரோடு குறைந்தது மூன்று விடியற்காலைகள் காட்டில் உட்கார வேண்டும். துப்பாக்கி யார் கையில் என்பது முக்கியமில்லை. அதில் சுடாமல் விட்ட மூன்று சந்தர்ப்பங்களை எழுத வேண்டும், ஏன் விட்டோம் என்பதோடு: தூரம், பின்னால் வீடு, குட்டியோடு இருந்தது, வெளிச்சம் போதவில்லை, மனசு வரவில்லை. கடைசிக் காரணத்தையும் முழு மதிப்பெண்ணோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். செயற்கையாகப் போட்ட ரத்தத் தடத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்து காட்ட வேண்டும். யாரோ ஒருவர் சட்டப்படி சுட்ட மானை, பக்கத்தில் நின்று, கை வைத்து, குடல் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். சூடு ஆறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை அது, ஒத்திப்போட முடியாது. அந்தக் கறியைச் சமைத்துத் தன் குழுவுக்குப் பரிமாற வேண்டும். வேட்டையைக் கடுமையாக எதிர்க்கும் ஒருவரோடு உட்கார்ந்து பேசி, அவருடைய வாதத்தை அவரே ஒத்துக்கொள்ளும்படி திரும்பச் சொல்ல வேண்டும்.

தானாகவே சுட்டுக் கொன்றானா என்ற கட்டம் படிவத்தில் இருக்காது. கொன்றவனுக்கும் கொல்லாதவனுக்கும் ஒரே பேட்ஜ். கவுன்சிலர் அதைக் கேட்கவும் கூடாது. லியோபோல்டின் ஆட்சேபத்துக்கு இது முழுப் பதில் இல்லை என்று தெரியும். நோட்டில் பொய் எழுதலாம், சுடாத சந்தர்ப்பங்களை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்யலாம், அதற்கும் கைதட்டு கிடைக்கும். ஆனால் பொய் எழுதுகிற பையன் குறைந்தபட்சம் எந்தச் சூட்டைச் சுடக் கூடாது என்று யோசித்துத்தான் எழுத முடியும். அவனால் எந்த மானுக்கும் காயம் இல்லை. குடல் எடுக்கும் இடத்தில் பொய் செல்லாது.

பாதிப் பேர் அந்த இடத்தில் விலகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். படிவத்தில் அதற்கு ஒரு வரி இருந்தால் நல்லது: இதுவரை செய்தவை, தேதி, கையெழுத்து, மேலே தொடர விருப்பமில்லை. நோட்டைத் திருப்பிக் கேட்காமல் அவனிடமே விட்டுவிடலாம்.